காற்றே இல்லாத நாளில் பறந்த கூடாரம்

சனிக்கிழமை, ஜனவரி 19. மாலை 6.15. தமிழ்ச் சங்கச் செயலாளர், வானிலை அறிந்த உறுப்பினர் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்தார். கேள்வி: நாளைய பொங்கல் விழாவில் கூடாரத்தின் கால்களுக்கு மணல் மூட்டை வேண்டுமா? பதில்: வேண்டியதில்லை. உரையாடல் ஒரு நிமிடத்தைத் தாண்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, ஜனவரி 20. காலை 7.30. மெரிலேண்ட்ஸ் ஊர்க்காரர் யேசுதாசன் கூடாரத்தைக் கட்டி முடித்தார். ஆறு கால், ஆறு கயிறு, ஆறு முளை. முளையின் நீளம் ஒரு சாண். நிலத்துக்கடியில் தண்ணீர்க் குழாய்கள் ஓடுவதால் அதைவிட நீளமான முளை அடிக்க மைதான விதி இடந்தரவில்லை.

காலை 9.40. பால் பொங்கியது.

பிற்பகல் 1.00. சிட்னிக் கோடை, வானத்தில் மேகம் இல்லை. புல் காய்ந்த திடலில் வெறுங்காலுடன் நிற்க முடியவில்லை.

1.25. ‘காற்றின் வகைகள்’ என்னும் விளக்கவுரை மண்டபத்துக்குள் தொடங்கியது. கேட்போர் பதினொருவர். படங்கள் தெளிவாகத் தெரிவதற்காகத் திரைச்சீலைகள் மூடப்பட்டன.

1.38. கூடாரம் தரையிலிருந்து எழுந்து, மண்டபக் கூரையின் உயரம் வரை சென்று, கார்கள் நிறுத்தும் இடத்தில் விழுந்தது. ஒரு பெண்மணிக்குத் தோளில் காறையெலும்பு முறிந்தது.

1.39. வெளியே சத்தமாக இருக்கிறது, கதவைச் சாத்திவிடுங்கள் என்று உரையாளர் கேட்டுக்கொண்டார்.

2.10. அதே உரையாளர் ஒலிவாங்கியில் அறிவித்தார்: “இன்றைக்குக் காற்று இல்லை.”

மேலே கண்ட உறுப்பினரும் உரையாளரும் ஒருவரே. அவர் நான்தான். இந்தப் பதிவு ஏழு ஆண்டுகளுக்கு முன்பு, சங்கத்தின் அந்த ஆண்டு மலரில் வந்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக ‘காற்றைப் பழிக்காதீர்’ என்ற தலைப்பில் நான் எழுதிய நான்கு பக்கக் கட்டுரை வந்தது. அதை வைத்திருப்பவர்கள் தயவுசெய்து பழைய தாள் சேர்க்கும் தொட்டியில் இடவும்.

இவ்வாண்டு மலரின் ஆசிரியை என்னிடம் கேட்டது வேறொன்று. வானிலை நிலையங்களில் மனிதர் இல்லாமல் போய்விட்டார்கள், முன்னறிவிப்பு வாக்கியங்களைக்கூடக் கணினியே எழுதிவிடுகிறது, ஆகவே உங்கள் சூறாவளி போன்ற பணிவாழ்க்கையைப் பற்றி எழுதுங்கள் என்றார். அன்பாகத்தான் கேட்டார். ஆனால் உவமை பிழை. சூறாவளி என்பது கடலில் பிறந்து பல நூறு கிலோமீற்றர் அகலத்துக்குப் படர்வது. பெரும்பாலும் ஒரு சைக்கிள்காரனின் வேகத்தில்தான் நகரும். அமைச்சர் ஒருவர் ‘சூறாவளிச் சுற்றுப்பயணம்’ போனதாகப் பத்திரிகைகள் எழுதும்போதெல்லாம் அவர் பத்து நாளாக ஒரே மாவட்டத்தில் சுற்றிக்கொண்டிருந்தார் என்றே எனக்குத் தோன்றும். நம் ஊர்ச் செய்திகளில் வரும் ‘மினி சூறாவளி’யைப் பற்றி நான் பேசத் தொடங்கினால் விருந்துகளில் நாற்காலிகள் விலகும். என் மனைவி தவமலர் அப்போது பாயசத்தை முன்கூட்டியே கொண்டுவந்து வைப்பாள். அதுதான் அவளுடைய எச்சரிக்கை அறிவிப்பு.

பேராதனையில் கணிதம், கொழும்பில் ஒன்றரை வருடம் வேலையில்லாமை, மெல்பேர்னில் ஒன்பது மாதப் பயிற்சி. பயிற்சிக் காலத்தைப் பற்றி இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை, குளிராக இருந்தது. பிறகு சிட்னி வானிலை அலுவலகத்தில் கிளைவ் என்பவரின் கீழ் சேர்ந்தேன்.

கிளைவ் அறிக்கைகளை நின்றுகொண்டுதான் வாசிப்பார். உட்கார்ந்து வாசித்தால் எழுதியவன் மீது இரக்கம் வந்துவிடும் என்பது அவருடைய கொள்கை. யன்னலோரம் நிற்பார், இடக்கையில் எனாமல் குவளை, வலக்கையில் பென்சில். பெயரடைகளை ஒவ்வொன்றாக வெட்டுவார். ‘பயங்கரமான காற்று’ என்று எழுதினால் ‘பயங்கரமான’ போகும். ‘பலத்த காற்று’ என்று எழுதினால் ‘எவ்வளவு?’ என்று ஓரத்தில் குறிப்பார். என் முதல் அறிக்கை அவர் கையிலிருந்து திரும்பியபோது அதில் எஞ்சியிருந்தவை இடத்தின் பெயரும் என் கையொப்பமும். கையொப்பத்தின் கீழ் நான் போட்டிருந்த கோட்டையும் வெட்டியிருந்தார்.

காற்று அடித்து ஓய்ந்த இடத்தை ஆராயும் முறையை அவரிடம்தான் கற்றேன். எங்கள் வேலை எப்போதும் காற்றுப் போன பிறகே தொடங்கும். சேதம் கிடக்கும் வழியைக் குறுக்காக வெட்டி ஒரு நேர்கோட்டில் நடக்க வேண்டும். விழுந்த ஒவ்வொன்றின் தலையும் எந்தத் திசையில் கிடக்கிறது என்று திசைகாட்டி வைத்துக் குறிக்க வேண்டும். மரமானாலும் வேலிக்கம்பமானாலும் கோழிக்கூட்டின் கதவானாலும் ஒன்றுதான். எல்லாம் ஒரே பக்கம் கிடந்தால் அது நேராக வந்த காற்று. வழியின் ஒரு பக்கத்தில் கிடப்பவை கிழக்கேயும் மறு பக்கத்தில் கிடப்பவை மேற்கேயும் தலை வைத்திருந்தால் அது சுழன்ற காற்று. நடந்து முடிக்கும் வரை நிலத்துக்காரரோடு பேசக்கூடாது. “கதை கேட்டால் ஊசி வளையும்,” என்பார் கிளைவ்.

பிறகு படிவம். அதில் மூன்று நிரல்கள்: கண்டது, கேட்டது, நினைத்தது. மூன்றாவது நிரல் மிகக் குறுகலாக அச்சிடப்பட்டிருந்தது. அது அச்சகத்தின் தவறல்ல.

நான் நேரில் கண்ட முதல் சுழல்காற்றைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். உள்நாட்டில் ஒரு சிறு நிலையத்துக்கு என்னை ஆறு மாதம் அனுப்பியிருந்தார்கள். சுற்றிலும் செம்மண். ஒரு கோடைக் காலையில், ஒன்பது மணி அவதானிப்புக்கு நான்கு நிமிடம் இருக்கையில், வேலிக்கு வெளியே மண் எழுந்து நின்றது. தென்னை உயரம் இருக்கும். மேகமே இல்லாத வானத்தின் கீழ் அது தானாக நடந்து வந்து, வேலியைக் கடந்து, என் தொப்பியையும் மூன்று நாள் பதிவேட்டுத் தாள்களையும் எடுத்துக்கொண்டு மறு பக்கமாகப் போயிற்று. சூடான நிலத்திலிருந்து மேல்நோக்கிப் பிறக்கும் இதற்குப் புழுதிச்சுழல் என்று பெயர். புயல் மேகம் தேவையில்லை, முன்னறிவிப்பும் கிடையாது. வலமாகச் சுழலும், இடமாகவும் சுழலும். இரண்டு நிமிடத்தில் இல்லாமல் போகும்.

சரியாக ஒன்பது மணிக்கு நான் கருவியைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதினேன்: காற்று, அமைதி. விதிப்படி அது சரி. மாத முடிவில் கிளைவ் சிட்னியிலிருந்து தொலைபேசியில் கேட்டார், “சிவா, காற்று அமைதியாக இருந்த நாளில் புதுத் தொப்பி கேட்டு விண்ணப்பித்திருக்கிறாயே. பழையது எந்தப் பக்கம் கிடந்தது?”

நான் அந்தக் கேள்வியை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டேன். பாடம் என்று எடுத்துக்கொண்டிருந்தால் இக்கட்டுரைக்கு அவசியம் வந்திருக்காது.

இவை அனைத்தையும் நான் தவமலரிடம் சாப்பாட்டு மேசையில் சொல்வேன். அவள் கேட்கிறாளா என்பதை நான் ஒருநாளும் அவதானிக்கவில்லை. ஆனால் மகள் பள்ளியிலிருந்து பிந்தி வந்த ஒரு மாலையில் குசினி அடுப்படியிலிருந்து அவள் குரல் கேட்டது: “கண்டது, கால் சப்பாத்திலை மண். கேட்டது, பஸ் லேட்டாம். நினைச்சதைப் பிறகு சொல்லுறன், முதல்லை கையைக் கழுவு.”

சங்கத்தில் அவளைச் சூறாவளி அன்ரி என்பார்கள். முந்நூறு பேருக்குச் சமையல் நடக்கும் இடத்தில் அவள் புகுந்தால் ஒரு மணி நேரத்தில் எல்லாம் இடம் மாறியிருக்கும், நேரத்துக்கு முடிந்துமிருக்கும். ஒரு விருந்தில் நான் அதைத் திருத்தினேன். சூறாவளி அல்ல, இயல்புகளை வைத்துப் பார்த்தால் இவள் புழுதிச்சுழல் வகை என்றேன். பாராட்டாகத்தான் சொன்னேன். விருந்து முடிந்து நார்த்மீட்டிலுள்ள எங்கள் வீட்டுக்குக் காரில் வந்தோம். வீட்டுக் கதவைத் திறக்கும்போது கேட்டாள், “இஞ்சருங்கோ, புழுதி எண்டது ஆரை?”

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை.

கூடாரம் பறந்தபோது நான் பதினொரு பேருக்குப் புழுதிச்சுழலின் குறுக்குவெட்டுப் படத்தைக் காட்டிக்கொண்டிருந்தேன். அதன் அசல் பத்து அடிக்கு அப்பால், சுவருக்கு வெளியே நடந்து போயிருக்கிறது. முப்பது ஆண்டு அனுபவம் உள்ள ஒருவன் கதவைச் சாத்தச் சொல்லியிருக்கிறான்.

வெளியே வந்து பார்த்தபோது காற்று இல்லை. நான் கைத்தொலைபேசியில் மிக அருகிலுள்ள காற்றுமானியின் பதிவைப் பார்த்தேன். அது பதினொரு கிலோமீற்றருக்கு அப்பால் இருந்தது. இலேசான வடமேல் காற்று என்றது. கூட்டத்தில் எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். ஒலிவாங்கி என் கையிலேயே இருந்தது.

காற்று இல்லையென்றால் கூடாரம் ஏன் பறந்தது? விடையை ஊரே கண்டுபிடித்தது: கட்டியவர் ஒழுங்காகக் கட்டவில்லை. மன்னார்க் கடலில் இருபது வருடம் வள்ளம் ஓட்டிய யேசுதாசனுக்கு முடிச்சுப் போடத் தெரியாது என்று, சப்பாத்துக் கயிறு கட்டவே குனிய முடியாதவர்கள் பேசினார்கள். மறுநாளே அவருக்குப் ‘பட்டம் யேசு’ என்று பெயர் வந்தது. அதுவரை கோயில் திருவிழாவோ மாதா திருநாளோ விளையாட்டுப் போட்டியோ, மேற்குச் சிட்னியில் நம்மவர் கூடாரம் என்றால் அவர்தான். கூலி வாங்கமாட்டார், கட்டி முடித்ததும் முதல் தேநீர் அவருக்கு, அவ்வளவுதான். அந்த ஞாயிற்றுக்குப் பிறகு அவரை யாரும் கூப்பிடவில்லை. அவருடைய சொந்தத் தேவாலயத்திலும் கூப்பிடவில்லை. என் நான்கு பக்கக் கட்டுரை அவர் பெயரைச் சொல்லவில்லை. ‘போதிய பயிற்சியற்ற கைகள்’ என்றது. கிளைவ் இருந்திருந்தால் ‘போதிய பயிற்சியற்ற’ என்பதை வெட்டியிருப்பார். பிறகு ‘யாருடைய?’ என்று ஓரத்தில் எழுதியிருப்பார்.

மணல் மூட்டையை யேசுதாசன் கேட்டிருந்தார். வேண்டாம் என்றது நான் என்பது செயலாளருக்கும் எனக்கும் மட்டுமே தெரியும் என்று நினைத்திருந்தேன். செயலாளர் பண்பானவர், வெளியே சொல்லவில்லை. நான் அதைப் பண்பு என்று எண்ணவில்லை. என் கணிப்பு சரியென்பதற்குச் சான்றாக எடுத்துக்கொண்டேன். காற்று இல்லை, ஆகவே மூட்டை தேவையில்லை. மூட்டை தேவையில்லை என்றது நான், ஆகவே காற்று இல்லை. தருக்கமும் சுழலும் என்பதை நான் பேராதனையில் படிக்கவில்லை.

அன்று மாலை தவமலர் விழா நிகழ்ச்சி நிரல் அச்சிட்ட தாளொன்றை என் முன்னால் வைத்தாள். பின்பக்கத்தில் பென்சிலால் ஏதோ வரைந்திருந்தாள்.

“இதைப் பாருங்கோ.”

“என்ன இது?”

“சனம் இருந்த கதிரையள், விழுந்து கிடந்தபடியே. எடுத்து அடுக்க வேண்டாமெண்டு எல்லாரையும் மறிச்சுப் போட்டுக் கீறினனான்.”

“நீர் பயிற்சி பெற்ற அவதானி இல்லை.”

“முப்பத்திரண்டு வருசமாப் பயிற்சி. சோறு போட்டுப் போட்டுப் படிச்சது.”

“சாட்சிக்கும் ஆய்வாளருக்கும் உறவு இருக்கக்கூடாது. அது விதி.”

“அப்ப எதை வெட்டுவம், உறவையோ விதியையோ?”

நான் காற்றுமானியின் பதிவைக் காட்டினேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதையும் வாசித்தாள். “பதினொரு கிலோமீற்றருக்கு அங்காலை எங்கட கூடாரம் இல்லையே,” என்றாள். பிறகு தாளை மடித்து எடுத்துக்கொண்டு போனாள். அதைப் பற்றி மறுபடி பேசவில்லை. நானும் கேட்கவில்லை. அந்த ஆண்டின் இறுதியில் நான் ஓய்வு பெற்றேன். பிரியாவிடையில் எனக்கு ஒரு திசைகாட்டி பரிசளித்தார்கள்.

தவமலர் சென்ற ஜூலையில் இறந்தாள். தலைக்குள் ஓர் இரத்தக்குழாய் வெடித்தது. தெளிந்த காலை, 10.40க்கும் 10.55க்கும் இடையில். நான் அப்போதும் அடுத்த அறையில் இருந்தேன்.

செப்டெம்பரில் குக்கரின் ரப்பர் வளையம் தேய்ந்து ஆவி ஒழுகத் தொடங்கியது. புதியது ஒன்றை அவள் வாங்கி வைத்திருப்பாள் என்று குசினி இழுப்பறையைத் தேடினேன். வளையம் கிடைக்கவில்லை. தாள் கிடைத்தது.

இம்முறை நான் அதை யன்னலோரம் நின்றுகொண்டு வாசித்தேன்.

திடலின் குறுக்கே ஒரு நேர்கோடு. அதன்மேல் முப்பத்தாறு சிறு அம்புகள், நாற்காலிக்கு ஒன்று. வடக்குப் பக்கத்துக் கதிரைகளின் அம்புகள் மேற்கே. தெற்குப் பக்கத்தவை கிழக்கே. நடுவில் கூடாரம் நின்ற இடத்தில் அம்பு இல்லை. ஒரு வட்டமும் ‘மேலே’ என்ற சொல்லும். திசைகாட்டி இல்லாமல் எப்படிக் குறித்தாள் என்று சிறிது நேரம் யோசித்தேன். காலையில் பொங்கல் அடுப்புக் கற்களைக் கிழக்குப் பார்த்து வைத்தவளே அவள்தான்.

கீழே மூன்று நிரல்கள். ‘கண்டது: ஆறு கயிறு. ஆறு முடிச்சும் அவிழவில்லை. முளைகள் கயிற்றோடு வந்தன. மண் தென்னை உயரத்துக்கு நின்று சுழன்றது. கேட்டது: மூட்டை வேண்டும் என்று யேசுதாசன் சொன்னாராம். நேற்றுத் தொலைபேசியில் வேண்டாம் என்றவர் என் அவர்.’ மூன்றாவது நிரலை, அச்சிட்ட படிவத்தில் இருப்பதுபோலவே, மிகக் குறுகலாகக் கோடிட்டிருந்தாள். அதில் ஒரு வரி: ‘இவர் நம்பமாட்டார். ஆனாலும் எழுதி வைக்கிறேன்.’

புழுதிச்சுழல். ஐயத்துக்கு இடமில்லை. பயிற்சிக்கு வரும் பட்டதாரிகளுக்கு நான் மாதிரியாகக் காட்டிய எந்த வரைபடத்தையும்விட அது தெளிவாக இருந்தது.

மெல்பேர்ன் கிரெய்கிபர்னில் இருக்கும் மகளிடம் தொலைபேசியில் சொன்னேன். பழைய அலுவலகத்துக்கு முறைப்படி ஒரு திருத்தம் அனுப்பியிருப்பதாகவும், இத்தகைய நிகழ்வுக்கான படிவம் இப்போது இல்லை என்று அவர்கள் பதில் எழுதியதாகவும், ஆகவே வேறொரு பிரிவுக்கு எழுத எண்ணியிருப்பதாகவும் விளக்கினேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு சொன்னாள், “அப்பா, ஜஸ்ட் கோ அண்ட் சீ ஹிம்.”

மெரிலேண்ட்ஸில் அவர் வீட்டுக்குப் போனபோது யேசுதாசன் பின்வளவில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு கம்பத்தில் குடைபோல் விரிந்து, காற்றுப் பட்டால் சுற்றும் கொடி அது. சுற்றாதபடி அதை வேலியோடு ஒரு கயிற்றால் கட்டியிருந்தார். முடிச்சைப் பார்த்தேன். பார்க்காமல் இருக்க முடியவில்லை.

“வாங்கோ அண்ணை. இருங்கோ, கதிரை எடுத்தாறன்.”

“வேண்டாம். நின்றே வாசிக்கிறேன்.”

“என்னத்தை?”

எழுதிக் கொண்டுபோன திருத்தத்தை வாசித்தேன். அதுதான் இக்கட்டுரையின் தொடக்கத்தில் உள்ள பதிவும், தவமலரின் முதல் நிரலும். அவர் வாயில் இரண்டு கிளிப்புகளைக் கடித்தபடி கேட்டார். முடிந்ததும் கிளிப்புகளை எடுத்தார்.

“முடிச்சு அவிழேல்லை எண்டு போட்டிருக்கிறியள்.”

“ஓம்.”

“பேப்பரிலை வருமோ?”

“மலரில் வரும். பொங்கலுக்கு முதல்.”

“அப்ப காணும், அது போதும்.” ஒரு சட்டையை உதறிப் போட்டார். “அண்டைக்கு நான் நேரை கண்டனான் அண்ணை. கடலிலையும் கண்டிருக்கிறன், தண்ணி எழும்பி நிக்கும். சொன்னனான். நீங்கள் மைக்கிலை இல்லையெண்டு சொன்ன பிறகு ஆர் கேக்கிறது?”

“மணல் மூட்டை வேண்டாம் என்றதும் நான்தான்.”

“அது தெரியும். அக்கா சொன்னவ.”

“எப்போது?”

“அடுத்த கிழமையே வந்தவ. பிறகு ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் ஒரு பெட்டியிலை பொங்கின புக்கை கொண்டு வருவா. நீங்கள் நினைச்சிருப்பியள், கோயிலுக்குப் போறா எண்டு.”

நான் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

“தெரிந்திருந்தும் நீங்கள் ஏன் ஒருவருக்கும் சொல்லவில்லை?”

“சொல்லட்டோ எண்டு கேட்டனான். அக்கா வேண்டாமெண்டிட்டா. அவர் தானா எழுத வேணுமாம்.” அவர் சிரிக்கத் தொடங்கினார். “‘அவர் வருவார் தம்பி. ஆனா காத்துப் போய் முடிஞ்ச பிறகுதான் வருவார். அவரின்ரை உத்தியோகம் அப்பிடி’ எண்டு சொன்னவ.”

சிரிப்பைப் பாதியில் நிறுத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் கொடியில் கிடந்த சட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். ஏழு. அவள் சொன்ன அந்த வாக்கியங்களில் ஒரு பெயரடைகூட இல்லை. கிளைவ் அவற்றை அப்படியே விட்டிருப்பார்.

“செத்தவீட்டுக்கு வந்தனான் அண்ணை,” என்றார் அடுத்த சட்டையை எடுத்தபடி. “பின்னுக்கு நிண்டனான். நீங்கள் காணேல்லை.”

“காணவில்லை.”

புறப்படும்போது, இந்தப் பொங்கலுக்குக் கூடாரம் கட்டுவீர்களா என்று கேட்டேன். கேட்க எனக்கு அதிகாரம் இல்லை என்பதையும் சொன்னேன்.

“கேக்க வேண்டிய ஆக்கள் கேட்டாக் கட்டுவன்.” ஒரு கிளிப்பை என் பக்கம் நீட்டினார். “மூட்டை வேணும். நீங்கள் வேண்டாமெண்டாலும் வேணும்.”

செய்யாமல் மிஞ்சியிருப்பவை:

யேசுதாசனை அழைக்கும்படி நிர்வாகக் குழுவுக்கு முன்னால் எழுந்து சொல்ல வேண்டும். ஒலிவாங்கி இல்லாமல்.

காறையெலும்பு முறிந்த அம்மையாரின் வீட்டுக்குப் போக வேண்டும். அவர் இன்னும் இடக்கையால்தான் கதவைத் திறக்கிறார் என்று கேள்வி. கண்டதில்லை.

மணல் மூட்டை பன்னிரண்டு, காலுக்கு இரண்டு. நானே நிரப்ப வேண்டும்.

குக்கர் வளையம்.

தவமலரின் தாளில், மூன்றாம் நிரலில், அவள் வரிக்குக் கீழே இரண்டு சொல்லுக்கு இடம் இருக்கிறது. எழுத வேண்டும்: இவர் நம்பினார்.